கெமர் சிலையைக் காலில் இருந்து பார்க்கத் தொடங்குங்கள்

கம்போடியாவின் பெரும்பான்மை மக்களான கெமர்களின் பழைய சிற்பங்களைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் முகத்திலேயே நின்றுவிடுகிறார்கள், அந்த மெல்லிய சிரிப்பு அப்படி இழுக்கும். கம்போடியாவின் புனோம் பென்னில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தை வைத்து, வேறு மாதிரி பார்க்கும் ஒரு முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கட்டடம். செந்நிறத்தில், அடுக்குக் கூரையோடு கோவில் போலவே இருக்கும். புனோம் பென்னிலேயே பிறந்த பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் குரோலியே வடிவமைத்தது, 1920ல் திறந்தார்கள். 1975ல் ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்ட் படையான கெமர் ரூஜ் ஆட்கள் நகரத்தையே காலி செய்தபோது இதுவும் கைவிடப்பட்டது. 1979ல் திரும்பி வந்தவர்கள் பார்த்தது உளுத்துப்போன கூரையும் அதில் குடியேறிய வௌவால்களும்தான். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கல்லும் இதைத் தாண்டி வந்தது என்பது மனதில் இருக்கட்டும்.

அடுத்து, இடப்பக்கம் தொடங்கி, பிராகாரம் சுற்றுவது போல வலமாக வாருங்கள். காலவரிசை ஓரளவு பிடிபடும்.

தெற்குக் கம்போடியாவில் புனோம் தா என்ற குன்றில் கிடைத்த எட்டுக்கை விஷ்ணு வந்ததும் நின்றுவிடுங்கள். சிலையைச் சுற்றி வளைவாக ஒரு கல் சட்டம் தெரிகிறதா? அது அலங்காரம் இல்லை. ஒரே கல்லில் இத்தனை கைகளை விரித்துச் செதுக்கினால் ஒடிந்துவிடும், அதற்காகச் சிற்பி விட்டுவைத்த தாங்கல். அப்புறம் 10ம் நூற்றாண்டில் சில காலம் தலைநகராக இருந்த கோ கெரின் பாணிக்கு வந்தால், வாலியும் சுக்ரீவனும் கட்டிப் புரண்டு சண்டை போடுகிறார்கள். கல்லுக்கு இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

சரி, இப்போது முக்கியமான படி. குனிந்து கணுக்காலைப் பாருங்கள். கோ கெரில் பிரசாத் சென் என்ற கோவிலில் பீமனும் துரியோதனனும் கதாயுதத்தோடு மோதும் காட்சி, சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்கும் பாண்டவர்களும் பலராமனுமாக, தனித்தனிச் சிலைகளாக நின்றிருந்தது. 1970களின் போர்க் காலத்தில் திருடர்கள் அவற்றை எடுத்துப் போனார்கள், சண்டையிடும் இருவரையும் கணுக்காலில் வெட்டியதால் அவர்களின் பாதங்கள் மட்டும் பீடத்தோடு அங்கேயே கிடந்தன. பல ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில் துரியோதனன் ஏலத்துக்கு வந்தபோது, அது எங்கிருந்து போனது என்று காட்டிக்கொடுத்தவை அந்தப் பாதங்கள்தான். அதே நகரின் மெட்ரோபொலிட்டன் மியூசியத்தில் இருந்த இரண்டு பாண்டவர்கள் 2013ல் ஊர் திரும்பினார்கள், துரியோதனன், பீமன், பலராமன் மூவரும் 2014ல். அதனால்தான் சொல்கிறேன், முகத்தைவிடக் கால் அதிகம் பேசும்.

அங்கோரின் மேற்கு மேபோன் கோவிலில் 1936ல் கிடைத்த வெண்கலப் பள்ளிகொண்ட விஷ்ணுவைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். 2024ல் ஆய்வுக்காகப் பிரான்சுக்குப் போய், 2025ல் பாரிஸின் கிமே அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருந்தது.

போக முடியாதவர்கள் வீட்டிலிருந்தே பழகலாம். ஏதாவது ஒரு பெரிய மியூசியத்தின் இணையத்தளத்தில் ஒரு கெமர் சிலையைத் திறந்து, படத்தைப் பெரிதாக்கி, வெட்டு எங்கே என்று பாருங்கள். பிறகு கீழே சிலை கைமாறி வந்த விவரத்தைப் படியுங்கள். முதல் ஆண்டே 1970க்குப் பிறகு என்று இருந்து, அதற்கு முன் எங்கே இருந்தது என்று ஒரு சொல்கூட இல்லையென்றால், அதைக் குறித்து வைத்துக்கொண்டு அந்த மியூசியத்துக்கே எழுதிக் கேளுங்கள்.