ஜெட்டைக் குத்த ஊசி வேண்டாம், தங்கூஸ் போதும்

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் கார்புரேட்டரில் ஜெட் (பெட்ரோல் பாயும் நுண்துளை உள்ள சின்னத் துண்டு) அடைத்துக்கொண்டால், கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தாமல் தூண்டில் தங்கூஸில் (நைலான் நரம்பில்) ஒரு துண்டை விடுங்கள். நுனியைச் சாய்வாக வெட்டிக்கொண்டால் துளைக்குள் சுலபமாக நுழையும்.

ஜெட் பித்தளை. எஃகுக் கம்பி அதைச் சுரண்டிவிடும். துளை மயிரிழை பெரிதானாலும் பெட்ரோல் கூடுதலாகப் பாய்ந்து புகையும் செலவும் ஏறும். நைலான் பித்தளையைவிட மென்மையானது, அழுக்கை மட்டும் தள்ளும். முதலில் ஜெட்டை அரை மணி நேரம் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவிடுங்கள். குத்தியபின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது.

அப்புறம், ஐடில் ஸ்க்ரூவை (மெதுவோட்டத்தின் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் திருகு) கழற்றுமுன் அதை உள்ளே மெதுவாக முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள். மாட்டும்போது மெதுவாக முட்டும்வரை திருகி, அதே சுற்று வெளியே திருப்புங்கள். இதை நம்மில் பாதிப் பேர் மறந்துவிடுகிறோம்.

உப்புத் தண்ணீர் புகுந்து பச்சை பூத்த ஜெட்டுக்கு இது உதவாது, புதிது வாங்குவதே லாபம். பெட்ரோலை மின்னணு முறையில் தெளிக்கும் இஎஃப்ஐ எஞ்சினில் கார்புரேட்டரே கிடையாது, அதற்கு இது பொருந்தாது.