தோல் சுரக்கும் கிருமிக்கொல்லியும் நாம் விடும் பிழைகளும்

போன மாதம் மருமகன் மரைன் டிரைவில் சைக்கிளோடு விழுந்து, முழங்காலை உரசிக்கொண்டு வந்தான். நான் துவாயைத் தேடி எடுப்பதற்குள் அவனுடைய அம்மம்மா டெட்டோல் போத்தலைத் திறந்து, தண்ணீர் கலக்காமல் காயத்தில் ஊற்றிவிட்டார். பையன் போட்ட சத்தத்துக்கு மேல்மாடிக்காரர் எட்டிப் பார்த்தார். "எரிஞ்சாத்தான் கிருமி சாகும்" என்றார் அம்மம்மா.

கிருமி செத்திருக்கும், சரி. காயத்தை மூட வந்த தோல் கலங்களும் கூடவே செத்திருக்கும். முதல் பிழை இதுதான். காயம் பட்ட தோலும் அங்கே ஓடிவரும் வெண்குருதிக் கலங்களும் தாங்களே கிருமிக்கொல்லி சுரக்கின்றன. பெப்டைட் எனப்படும் சின்னஞ்சிறு புரதத் துண்டுகள் அவை. டிஃபென்சின்கள் ஒரு குடும்பம், கதெலிசிடின்கள் இன்னொன்று. மனிதரிடம் கதெலிசிடின் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதிலிருந்து வெட்டுப்பட்டு வேலை செய்யும் துண்டுக்குப் பெயர் எல்எல்-37: மொத்தம் 37 அமினோ அமிலங்கள், முதல் இரண்டும் லியூசின், அதன் குறியெழுத்து எல்.

இவற்றில் பெரும்பாலானவை நேர் மின்னேற்றம் கொண்டவை. பற்றீரியாவின் மேற்சவ்வில் மறை ஏற்றம் அதிகம், ஆகவே போய் ஒட்டிக்கொண்டு சவ்வைப் பிய்த்துவிடும். நம் கலங்களின் வெளிப்புறம் ஏறக்குறைய நடுநிலையானது, கொலஸ்டரோலும் உண்டு. அதனால் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. உரசல் காயத்துக்கு ஓடும் குழாய்த் தண்ணீரும் சுத்தமான துணியும் போதும். டெட்டோல்தான் வேண்டுமென்றால் போத்தலில் சொன்ன அளவுக்குத் தண்ணீர் கலக்க வேண்டும். காயம் ஆழம் என்றாலோ மண் புகுந்தது என்றாலோ ஏற்பு ஊசியைப் பற்றி டொக்டரிடம் கேளுங்கள்.

கொழும்பு வெக்கைக்கு மூன்று தரம் குளிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு தரமும் கிருமிநாசினிச் சவர்க்காரம் போட்டுத் தும்பால் தேய்ப்பதுதான் வேண்டாத வேலை. வியர்வையிலேயே டெர்ம்சிடின் என்றொரு பெப்டைட் இருப்பதை 2001இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். காயம் படும் வரை காத்திராமல் வியர்வைச் சுரப்பிகள் அதை எப்போதும் சுரக்கின்றன. தோலின் மேற்பரப்பு சற்று அமிலத் தன்மையானது. சவர்க்காரக் கட்டியோ காரம், அந்த அமிலத் தன்மையைக் குலைத்துவிடும்.

பலரும் விடும் பெரிய பிழை வேறு: இயற்கையானது, உடம்பே செய்வது, ஆகவே கூடக் கூட நல்லது என்று நினைப்பது. எல்எல்-37 கிருமியைக் கொல்வதோடு நிற்பதில்லை. வெண்குருதிக் கலங்களைக் கூப்பிடும், புதுத் தோல் வளரத் தூண்டும், கிருமியின் நச்சை அடக்கும். இத்தனை வேலை செய்யும் ஒன்று அளவு மீறினால் என்ன நடக்கும் என்று, தோல் சிவந்து தடித்துச் செதில் உதிரும் சோரியாசிஸ் காட்டுகிறது. செத்த கலங்களிலிருந்து சிந்தும் நம் சொந்த டிஎன்ஏயை எல்எல்-37 கட்டிக்கொண்டு போய் நிர்ப்பீடனக் கலங்களுக்குள் சேர்த்துவிடுகிறது. அவை வைரஸ் வந்துவிட்டதென்று எண்ணி இன்டர்ஃபெரோன் சுரக்கின்றன. 2007இல் இது வெளிவந்தது. அதே ஆண்டில், முகம் சிவந்து தடிக்கும் ரொசேசியாவிலும் இந்தப் பெப்டைட் மிதமிஞ்சி இருப்பதைக் காட்டினார்கள்.

தோல் வறண்டு அரிக்கும் எக்சிமா இதற்கு நேர்மாறு. சோரியாசிஸ் தோலும் வெடித்துத்தான் இருக்கிறது, ஆனால் அதில் கிருமி தொற்றுவது குறைவு. எக்சிமாத் தோலில் ஸ்டெஃபிலோகொக்கஸ் என்ற பற்றீரியா சுலபமாகக் குடியேறிவிடும். பின்னதில் இந்தப் பெப்டைடுகள் போதிய அளவு சுரப்பதில்லை என்பது ஒரு காரணம். ஆகவே "நிர்ப்பீடனத்தைக் கூட்டும்" என்று யாராவது எதையாவது நீட்டினால், எதைக் கூட்டும், எந்த இடத்தில் என்று கேளுங்கள். பதில் வராது.

வெள்ளவத்தையில் மருந்துக்கடைக்குப் போனால் பெப்டைட் என்று எழுதிய பவுடர் டப்பாக்கள் கண்ணில் படும். அநேகமாக அவை கொலாஜன், அதாவது தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் புரதம். நாம் பேசும் சங்கதிக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே. உண்மையான கிருமிக்கொல்லிப் பெப்டைடைக் கரைத்துக் குடித்தாலும் குடல் அதைப் பருப்புப் புரதம் போலச் செரித்துவிடும். விற்றமின் டி குறைந்தால் எல்எல்-37 சுரப்பும் குறையக்கூடும் என்பது உண்மை. 2006இல் அந்தத் தொடர்பு தெளிவானது. அதற்காக இரத்தம் சோதிக்காமல் குளிசையை அள்ளிப் போடக் கூடாது. மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் ஏறும்.

இதெல்லாம் நாளைக்கே அன்டிபயோடிக்குக்குப் பதிலாக வந்துவிடும் என்று நம்புவதும் அவசரம்தான். ஆபிரிக்கத் தவளைக்கு அறுவை செய்து கலங்கிய தண்ணீரில் விட்டாலும் காயம் சீழ் பிடிக்காததைக் கவனித்த அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் சாஸ்லோப், 1987இல் மெகெய்னின் என்ற பெப்டைடை அதன் தோலில் கண்டார். அதைப் பார்த்துச் செய்த, நீரிழிவுக் கால்புண்ணுக்கான களிம்பை 1999இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் ஏற்கவில்லை. கிருமிகளும் சும்மா இருப்பதில்லை. தம் சவ்வின் ஏற்றத்தை மாற்றிக்கொண்டு பெப்டைடைத் தள்ளிவிடும். கொலிஸ்டின் என்ற கடைசிக் கட்ட அன்டிபயோடிக்கும் பெப்டைட்தான். அதற்குத் தப்பும் மரபணு ஒன்று பற்றீரியாக்களிடையே கைமாறுவதை 2015இல் சீனாவில் கண்டார்கள், பன்றிகளிடமும் நோயாளிகளிடமும்.

கடைசிப் பிழை, "உடம்பு தானாகப் பார்த்துக்கொள்ளும்" என்று விட்டுவிடுவது. நாள்பட்ட புண்ணின் ஓரத் தோலில் எல்எல்-37 இல்லாமல் போவதைப் பார்த்திருக்கிறார்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு உணர்வும் குறைந்திருக்கும், வலியே தெரியாது. பேரனின் முழங்கால் பொருக்கு உதிர்ந்த கிழமைதான், அம்மம்மாவின் இடது குதிக்காலில் செருப்புக் கடித்த புண் ஒன்று பத்து நாளாக ஈரமாக இருப்பதை நாங்கள் கண்டோம். "அது நோகேல்லையே" என்றார். அன்றைக்கே ஓட்டோ பிடித்தோம்.