ஒரு மிஷனரி ஆசிரியையின் வாழ்க்கையை எழுதுவது எப்படி: யோகோஹாமாவின் மேரி கிடரை முன்வைத்து

மெய்ஜி பேரரசர் ஆண்ட காலத்து (1868–1912) ஜப்பானில் பெண்களுக்குப் பள்ளி நடத்திய அமெரிக்க மிஷனரிப் பெண் ஒருவரின் வாழ்க்கையை எழுத அமர்பவருக்கு முதலில் கைக்கு வருவது ஓர் ஆயத்த வார்ப்பு. இறையழைப்பு, நெடிய கடற்பயணம், அறியாமையில் கிடந்த ஊர், ஒளியேற்றிய பள்ளி, கண்ணீருடன் ஒரு விடைபெறல் என்று அது தானாகவே ஓடி முடிந்துவிடும். அந்த வார்ப்பில் ஊற்றினால் யாருடைய வாழ்க்கையும் ஒன்றுபோலவே வரும். இதைத் தவிர்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒன்று உண்டு. ஆசிரியையின் மனத்தை ஊகிப்பதை விட்டுவிட்டு, அவர் பாடம் நடத்திய அறை யாருடையது, அதற்கு யார் இடம் கொடுத்தார், அங்கிருந்து எங்கே மாறினார் என்று கட்டடத்தைப் பின்தொடர்ந்து எழுதுவதே அது. மேரி எடி கிடரின் வாழ்க்கையைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

முதலில் அடிப்படைத் தகவல்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். கிடர் 1834இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தார். ஆசிரியையாகப் பணியாற்றி வந்தவர், சீர்திருத்தத் திருச்சபையின் மிஷனரியான சாமுவேல் ராபின்ஸ் பிரவுனின் குடும்பத்தாருடன் 1869இல் ஜப்பான் வந்தார். நீகாட்டா நகரில் சில காலம் இருந்துவிட்டு 1870இல் யோகோஹாமாவுக்குத் திரும்பி, மருத்துவ மிஷனரி ஜேம்ஸ் ஹெப்பர்னின் மனைவி கிளாரா நடத்திவந்த சிறு வகுப்பை அதே ஆண்டு செப்டம்பரில் ஏற்றுக்கொண்டார். 1873இல் எட்வர்ட் ராத்சே மில்லரை மணந்தார். 1875இல் பள்ளிக்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது. 1881இல் பொறுப்பை யூஜின் பூத்திடம் ஒப்படைத்தார். 1910இல் டோக்கியோவில் காலமானார்.

இந்தப் பட்டியல் கட்டுரை ஆகாது, ஆனால் இதில் இருக்கும் இரண்டு கண்ணிகளை இப்போதே கவனித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, பெயர். 1873க்கு முந்தைய ஆவணங்களில் அவர் செல்வி கிடர். அதற்குப் பிந்தையவற்றில் திருமதி மில்லர். ஒரே பெயரில் மட்டும் தேடுபவருக்கு வாழ்க்கையின் ஒரு பாதி கிடைக்காமலே போய்விடும். கட்டுரையில் எந்தப் பெயரை ஆளுவது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, மாற்றத்தை ஒருமுறை சொல்லிவிட்டு, பின்னர் மாற்றாதீர்கள்.

மற்றொன்று, தேதி. ஜப்பான் 1873 ஜனவரி 1 முதல்தான் மேற்கத்திய நாட்காட்டிக்கு மாறியது. மெய்ஜி ஐந்தாம் ஆண்டு பன்னிரண்டாம் மாதம் இரண்டாம் நாளுக்கு அடுத்த நாளே மெய்ஜி ஆறாம் ஆண்டு ஜனவரி முதல் நாளாயிற்று. ஆகவே 1872 வரையிலான ஜப்பானிய ஆவணத்தில் ‘எட்டாம் மாதம்’ என்று இருந்தால் அதை ஆகஸ்ட் என்று எழுதிவிடக் கூடாது. ஆவணி முதல் தேதியை ஆகஸ்ட் முதல் தேதி என்று எழுதுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. மாணவியரின் வயதிலும் இதே சிக்கல் உண்டு. அக்காலத்து ஜப்பானியக் கணக்கில் குழந்தைக்குப் பிறந்தவுடனே ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டிலும் மேலும் ஒரு வயது. ‘பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடக்கிறது’ என்று சொல்லிப் பழகிய நமக்கு இது விளங்காத விஷயமன்று. கட்டுரையில் எந்தக் கணக்கு என்பதைக் குறிப்பிட்டுவிட்டால் போதும்.

இனி கட்டடங்களுக்கு வருவோம், ஏனெனில் இந்த வாழ்க்கையின் செறிவு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. முதல் வகுப்பு நடந்தது வெளிநாட்டவர் குடியிருப்பில், ஹெப்பர்னின் இலவச மருத்துவச் சாலையில். அப்போது கிடருக்குச் சொந்த இடம் என்று ஒன்றும் இல்லை, தொடக்கத்தில் மாணவரில் ஆண்பிள்ளைகளும் இருந்தனர். பெண்களுக்கு மட்டுமான வகுப்பு என்பது பிறகு அவர் எடுத்த முடிவு. 1872இல் வகுப்பு நோகே மேட்டுக்கு மாறியது. அந்த இடத்தைக் கொடுத்தது திருச்சபை அன்று; கனகாவா மாவட்ட நிர்வாகத்தில் உயர்பதவி வகித்த ஓஎ தகு. அவருடைய மனைவியே கிடரிடம் படித்துக்கொண்டிருந்தார், ஆசிரியை நாள்தோறும் வந்துபோக ஒரு ரிக்‌ஷாவையும் ஓஎ ஏற்பாடு செய்து தந்தார். இதே 1872இல் யோகோஹாமா துறைமுகத்துக்கு வந்த மரியா லூஸ் என்ற பெருவியக் கப்பலில் அடிமைகளைப் போல அடைபட்டிருந்த சீனக் கூலித் தொழிலாளர்களை விசாரணை நடத்தி விடுவித்தவரும் அவர்தாம்.

இந்த இடத்தில் எழுதுபவர் சற்று நிற்க வேண்டும். கிறித்தவத்தைத் தடைசெய்யும் அறிவிப்புப் பலகைகள் பொதுவிடங்களிலிருந்து அகற்றப்பட்டது 1873 பிப்ரவரியில்தான். அதாவது, அந்த மதத்துக்குத் தடை இருந்தபோதே ஓர் அரசு அதிகாரி அந்த மதத்தின் பணியாளருக்கு அரசுக் கட்டடத்தில் இடம் கொடுத்திருக்கிறார். அரசுக்கு வேண்டியிருந்தது ஆங்கிலமும் மேற்கத்தியக் கல்வியும்; திருச்சபைக்கு வேண்டியிருந்தது மதமாற்றம்; மாணவியரின் குடும்பங்களுக்கு வேண்டியிருந்தது என்ன என்பது வீட்டுக்கு வீடு மாறும். இம்மூன்றும் ஒரே அறையில் கூடியதால்தான் பள்ளி பிழைத்தது என்பது என் கணிப்பு. 1871இல் ஜப்பானிய அரசு மேற்கு நாடுகளுக்கு அனுப்பிய இவாகுரா தூதுக்குழுவுடன் ஐந்து சிறுமியர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டதையும், 1872இல் நாடு தழுவிய கல்விச் சட்டம் வந்ததையும் இந்தப் பத்தியின் அருகிலேயே வையுங்கள். அவற்றைத் தனியே ‘பின்னணி’ என்று தலைப்பிட்டு முன்னால் கொட்டினால் வாசகர் அதைத் தாண்டிச் சென்றுவிடுவார்.

மூன்றாவது இடம் யாமாதே மேட்டில் 178ஆம் எண் மனை. 1875இல் அங்கே எழுந்த கட்டடம் தங்கிப் படிக்கும் வசதியுடையது, திருச்சபையின் வெளிநாட்டு மிஷன் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஐசக் ஃபெர்ரிஸின் பெயரைப் பெற்றது. கிடரின் பெயர் அதில் இல்லை என்பதைக் கட்டுரையில் ஒரு வாக்கியமாவது சுட்டிக்காட்டலாம். இன்னொரு செய்தி இதைவிடச் சுவையானது: பிரஸ்பிடேரியன் மிஷனைச் சேர்ந்த கணவர் மில்லர் தம் மிஷனை விட்டு மனைவியின் மிஷனில் சேர்ந்தார். மணமானால் மனைவிதான் கணவரின் பணிக்குள் கரைய வேண்டும் என்றிருந்த காலத்தில் நிகழ்ந்த இதை, ஏனோ பலர் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிடுகிறார்கள்.

அடுத்து, கடிதங்களை எப்படிப் படிப்பது என்பது. கிடர் மிஷன் குழுவுக்கு எழுதிய கடிதங்கள் ஜப்பானிய மொழிபெயர்ப்பில் நூலாகவும் வந்துள்ளன. அவை மதிப்பு மிக்க சான்று, ஆனால் பணம் அனுப்புவோருக்கு எழுதப்பட்ட சான்று. நன்கொடை தருவோர் படிக்கப்போகும் கடிதத்தில் மாணவியரின் முன்னேற்றம் சற்று வேகமாகவும் ஊரின் இருள் சற்று அடர்த்தியாகவும் தெரிவது இயல்பு. எனவே மாணவர் எண்ணிக்கை, இடமாற்றம், வாடகை, உடல்நலம் போன்றவற்றுக்கு அவற்றை நம்பலாம். ஜப்பானியப் பெண்களின் நிலை குறித்த பொதுத் தீர்ப்புகளைக் கிடரின் கருத்தாக மட்டுமே எழுத வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, ஆரணிப் பகுதிகளில் ஆற்காடு மிஷனை நடத்தியதும் இதே அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபைதான் என்பதால், அந்த மிஷனின் ஆண்டறிக்கைகளைப் புரட்டிய தமிழ் ஆய்வாளருக்கு இந்தக் கடிதங்களின் குரல் பழகியதாகவே இருக்கும்.

கடிதத்தின் மறுபக்கத்தைக் காட்டுபவர் மாணவி. ஃபெர்ரிஸில் அதற்குப் பொருத்தமானவர் வகமாட்சு ஷிஸுகோ. 1864இல் ஐசுப் பகுதியின் சாமுராய்க் குடும்பம் ஒன்றில் பிறந்து, 1868 உள்நாட்டுப் போரில் அந்தப் பகுதி வீழ்ந்தபின் யோகோஹாமா வணிகர் ஒருவரின் வீட்டில் வளர்ந்த இந்தப் பெண், கிடரிடம் படித்து, 1882இல் உயர்வகுப்பின் முதல் பட்டதாரியாகி, அதே பள்ளியில் ஆசிரியையானார். 1890 முதல் அவர் தொடராக மொழிபெயர்த்த ஆங்கிலச் சிறுவர் நாவல், பேச்சுக்கு நெருங்கிய ஜப்பானிய உரைநடைக்கு முன்மாதிரியாகப் பேசப்பட்டது. 1896இல், முப்பத்தோரு வயதிலேயே இறந்துவிட்டார். ‘கிடர் உருவாக்கிய எழுத்தாளர்’ என்று இவரை ஒரு வரியில் முடிக்காதீர்கள். ஆங்கிலம் பள்ளியில் கிடைத்தது. அதை எந்த ஜப்பானியத்தில் எழுதுவது என்பதை அவர் தாமாகத் தேடிக் கண்டார்.

‘முதல்’ என்ற சொல்லை எழுதும் முன் மூன்று முறை யோசிக்க வேண்டும். ஜப்பானின் முதல் கிறித்தவப் பெண்கள் பள்ளி ஃபெர்ரிஸ் என்று படிப்பீர்கள். டோக்கியோவின் ஜோஷி காகுயின் என்ற பெண்கள் பள்ளியும் தன் தொடக்கத்தை அதே 1870இல்தான் வைக்கிறது. ஜப்பானுக்கு வந்த முதல் மணமாகாத மிஷனரிப் பெண் கிடர் என்றும் படிப்பீர்கள். 1859இல் பிரவுனின் குழுவுடன் கேரலைன் அட்ரியன்ஸ் என்ற மணமாகாத பெண் வந்திருக்கிறார். ‘ஆசிரியையாகத் திருச்சபை அனுப்பிய’ என்பது போன்ற அடைமொழி இல்லாமல் இத்தகைய உரிமைகோரல்கள் நிற்பதில்லை.

பெயர்களை ஆங்கில வழியாகத் தமிழுக்குக் கொண்டுவராமல் நேரே ஜப்பானிய ஒலியிலிருந்து எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் மறைந்துவிடும் குறில் நெடில் வேறுபாட்டைத் தமிழ் எளிதாகக் காட்டும். ஓஎ என்பதன் முதல் எழுத்து நெடில் என்பதை நாம் எழுத்திலேயே சொல்லிவிடலாம். குடும்பப் பெயர் முன்னால் வரும் வழக்கத்தையும் மாற்ற வேண்டாம். டோக்கியோ போல நிலைத்துவிட்டவற்றை மட்டும் அப்படியே விடலாம்.

கட்டுரையை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பள்ளியோடு கிடர் முடிவதில்லை. பொறுப்பை ஒப்படைத்தபின் ஏறக்குறைய இருபத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். சிறுவர்களுக்கான கிறித்தவ இதழை நடத்தினார், வடக்கே மொரியோகாவில் கணவருடன் பல ஆண்டுகள் பணியாற்றினார். அந்த ஆண்டுகளுக்கும் உரிய இடம் கொடுங்கள். அவர் இறந்தபின் கட்டடத்தின் கதை தொடர்கிறது: 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்தில் பள்ளி அழிந்தது, முதல்வர் ஜென்னி கைப்பர் உயிரிழந்தார், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஃபெர்ரிஸ் என்ற வெளிநாட்டுப் பெயர் நீக்கப்பட்டு யோகோஹாமா யாமாதே பெண்கள் பள்ளி என்றாகி, போருக்குப் பின் பழைய பெயரே மீண்டது. இவற்றை இரண்டு வாக்கியங்களுக்கு மேல் நீட்ட வேண்டாம். இன்றும் அந்தப் பள்ளியின் முகவரி யாமாதே 178தான். கட்டுரையில் அந்த எண்ணை 1875ஆம் ஆண்டுப் பத்தியில் ஏற்கெனவே சொல்லியிருந்தால், இறுதியில் அதை மறுபடி எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.