தண்டுவட டிராக்ட்டை ஒப்பிக்காம வரைஞ்சு புரிஞ்சுக்கறது எப்படி

எம்பிபிஎஸ், பிசியோ, நர்சிங் முதல் வருஷ பசங்க நிறைய பேர் ஸ்பைனல் கார்ட் சாப்டர் வந்தா டிராக்ட் (நரம்பு நார் போற வழி) பேரையெல்லாம் வரிசையா ஒப்பிச்சு பரீட்சைல எழுதிட்டு வந்துடறாங்க, ஆனா வார்டுல ஒருத்தர் வலது கால் தூக்க வரல, இடது கால்ல சூடு தெரியலன்னு சொன்னா தண்டுவடத்துல எந்தப் பக்கம் அடின்னு சொல்லத் தெரியல. அத்தனை டிராக்ட் பேரும் உடனே வேணாம்ங்க. மூணு டிராக்ட் போதும், ஒவ்வொண்ணும் எந்த இடத்துல பக்கம் மாறுதுன்னு கையால வரைஞ்சு தெரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் அதுமேல ஏத்திக்கலாம்.

வெள்ளைத் தாள் ஒண்ணு, மூணு கலர் பேனா. தண்டுவடத்தோட குறுக்குவெட்டா ஒரு வட்டம், கொஞ்சம் பெருசாவே போடுங்க, நிஜத்துல அது சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். போட்ட உடனே முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு எழுதிடுங்க, ஏன்னா அனாடமி புக்ல பெரும்பாலும் பின்பக்கத்த மேல வச்சு வரைவாங்க, எம்ஆர்ஐ குறுக்குவெட்டுல முன்பக்கம் மேல இருக்கும், இத கவனிக்காதவங்க ரெண்டையும் போட்டு குழப்பிக்கறாங்க. முன்பக்கம் நடுவுல ஆழமான பிளவு, பின்பக்கம் லேசான பள்ளம். உள்ள எச் எழுத்து மாதிரி கிரே மேட்டர், சுத்தி வெளிய வொயிட் மேட்டர், மூளைல இது அப்படியே தலைகீழ். எச்சோட முன்னங்கொம்பு தசைய அசைக்கற செல்லுக்கு, பின்னங்கொம்பு உணர்வு வந்து சேர்றதுக்கு. டி1ல இருந்து எல்2 செக்மென்ட் வரைக்கும் (செக்மென்ட்னா ஒரு ஜோடி நரம்பு கிளம்பற துண்டு, டி நெஞ்சுப் பகுதி, எல் இடுப்புப் பகுதி) பக்கவாட்டுல சின்னதா இன்னொரு கொம்பு, அது சிம்பதடிக், அதாவது தானா இயங்கற நரம்புக்கு.

இப்ப முதல் கலர், நீலம்னு வச்சுக்கலாம். ரெண்டு பின்னங்கொம்புக்கும் நடுவுல இருக்கற பகுதிய நிரப்புங்க, அதான் டார்சல் காலம். அதிர்வு, மூட்டு எந்த நிலைல இருக்குங்கற உணர்வு, நுணுக்கமான தொடுதல் எல்லாம் இதுல போகுது. டி6க்கு கீழ இருந்து வர்றது நடுக்கோட்டு ஓரமா கிராசைல், அதுக்கு மேல கைல இருந்து வர்றது வெளிய கியூனியேட். இந்த நார் எந்தப் பக்கம் நுழைஞ்சுதோ அதே பக்கமா மெடுல்லா (மூளைத்தண்டோட கீழ்ப்பகுதி) வரைக்கும் ஏறிட்டு, அங்க நியூரான் மாறி, பக்கம் மாறி, மூளைக்குள்ள இருக்கற தலாமஸுக்குப் போகுது. மெடுல்லாங்கறத பெருசா எழுதி வைங்க.

சிவப்பு கலர் ஸ்பைனோதலாமிக், வலியும் சூடு குளிரும். முன்பக்க ஓரத்துல வரைங்க. இது அவ்வளவு தூரமெல்லாம் காத்திருக்காது, பின்னங்கொம்புல நியூரான் மாறி, ஒண்ணு ரெண்டு செக்மென்ட் ஏறறதுக்குள்ளயே எச்சோட நடுத்தண்டுக்கு முன்னாடி இருக்கற ஆன்டீரியர் வொயிட் கமிஷர்ங்கற இணைப்பு வழியா எதிர்ப்பக்கம் போயிடும். இந்தக் கமிஷர அம்புக்குறி போட்டு தனியா காட்டுங்க, ஒரு நோயே முக்கியமா இந்த இடத்த வச்சுத்தான் புரியும்.

பச்சை கலர் லேட்டரல் கார்டிகோஸ்பைனல், மேல இருந்து இறங்கற மோட்டார் வழி, பின்னங்கொம்புக்கு பக்கவாட்டுல. மூளைல கிளம்பற நார்ல நூத்துக்கு 80ல இருந்து 90 மெடுல்லாவோட கீழ்ப்பகுதில பிரமிட்ங்கற இடத்துல பக்கம் மாறிட்டுதான் தண்டுவடத்துக்குள்ளயே வருது. அதனால தண்டுவடத்துல வலது பச்சை அடிபட்டா வலது காலே விழும், மூளைல வலது அடிபட்டா இடது விழும்.

வரைஞ்சாச்சா, இப்ப ஒரு ஸ்கேல் வச்சு டி10ல வலது பாதிய அழிச்சுடுங்க. நீலம் போச்சு, வலது கால்ல அதிர்வும் மூட்டு உணர்வும் இல்ல. பச்சை போச்சு, வலது கால் பலவீனம், மொதல்ல தொளதொளன்னு இருந்தாலும் நாள் போகப்போக இறுகி, ரிஃப்ளெக்ஸ் அதிகமாகி, உள்ளங்கால கீறினா கட்டைவிரல் மேல தூக்கும். சிவப்பும் போச்சு, ஆனா அந்த சிவப்பு இடது கால்ல இருந்து வந்து கிராஸ் ஆன சிவப்பு, அதனால இடது பக்கம் டி10க்கு ஒண்ணு ரெண்டு செக்மென்ட் கீழ இருந்து வலியும் சூடும் தெரியாது. இன்னொண்ணும் இருக்கு, டி10 வேர் நுழையற இடமே அழிஞ்சதால வலது பக்கம் தொப்புள் மட்டத்துல ஒரு பட்டை மாதிரி எல்லா உணர்வும் போயிருக்கும், பேஷண்ட சரியா டெஸ்ட் பண்ணா அந்தப் பட்டைதான் லெவல காட்டிக்கொடுக்கும். இதுதான் பிரௌன் செக்கார்ட் சிண்ட்ரோம், 1817ல மொரீஷியஸ்ல பொறந்த டாக்டரோட பேரு. இந்த ஒரு கேஸை படத்தைப் பாக்காம வாயால சொல்ல முடிஞ்சா எனக்குத் தெரிஞ்சு பாதி சாப்டர் முடிஞ்ச மாதிரிதான்.

அடுத்தது அந்த அம்புக்குறி. சிரிங்கோமைலியாங்கற நோய்ல கழுத்துப் பகுதி தண்டுவடத்துக்கு நடுவுல நீர்ப்பை உருவாகி பெருசாகும்போது கிராஸ் ஆகிட்டு இருக்கற சிவப்பு நார் அறுபடும். ஓரத்துல ஏற்கனவே ஏறிட்டு இருக்கற காலோட சிவப்புக்கு ஒண்ணும் ஆகல, பின்னாடி நீலத்துக்கும் ஒண்ணும் ஆகல. அதனால ரெண்டு கைலயும் தோள்லயும் வலியும் சூடும் மட்டும் போயிடும், தொட்டா தெரியும். சூடான பாத்திரத்த வெறுங்கையால புடிச்சு கொப்பளம் போட்டப்புறம்தான் அவங்களுக்கே தெரியவரும். பை இன்னும் பெருசாகி முன்னங்கொம்ப அமுக்குச்சுன்னா கைத்தசை வத்தும்.

பி12 குறைபாடு இன்னொரு மாதிரி, நீலமும் பச்சையும் ரெண்டு பக்கமும் கெடும், சிவப்பு பெரும்பாலும் தப்பிச்சுடும். வெளிச்சத்துல ஓரளவு நடப்பாங்க, ஆனா வாஷ்பேசின்ல முகம் கழுவ கண்ண மூடினா தடுமாறுவாங்க, கால் எங்க இருக்குன்னு கண்ணுதான் அதுவரைக்கும் சொல்லிட்டு இருந்துச்சு. ஆன்டீரியர் ஸ்பைனல் ஆர்ட்டரி (தண்டுவடத்தோட முன்பக்க ரத்தக்குழாய்) அடைச்சா கதை வேற, முன்பக்க மூணுல ரெண்டு பங்கு போயிடும், சிவப்பும் பச்சையும் காலி, பின்னாடி நீலம் மட்டும் நல்லா இருக்கும். போலியோ முன்னங்கொம்பு செல்லை அடிக்கறதால உணர்வு எல்லாம் சரியா இருக்கும், தசை மட்டும் தொளதொளன்னு வத்திப்போகும்.

டெஸ்ட் பண்றப்போ அதிர்வுக்கு 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க், எலும்பு துருத்திட்டு இருக்கற இடத்துல வைங்க. மூட்டு உணர்வு பாக்க கால் கட்டைவிரல மேலயும் கீழயும் புடிக்காம ரெண்டு பக்கவாட்டுலயும் புடிச்சு அசைங்க, இல்லன்னா விரல் அழுத்தத்த வச்சே எந்தப் பக்கம் போகுதுன்னு கண்டுபிடிச்சுடுவாங்க, நீங்க நார்மல்னு எழுதிட்டு வந்துடுவீங்க. லெவலுக்கு டி4 மார்க்காம்பு, டி10 தொப்புள், இத மறக்கவே கூடாது. குண்டூசியால கீழ இருந்து மேல குத்திட்டே வந்து எங்க சுருக்குன்னு படுதுன்னு கேளுங்க. ஆனா சிவப்பு டிராக்ட்ல கால் நார்தான் வெளி ஓரத்துல இருக்கு, வெளிய இருந்து ஒரு கட்டி அமுக்கினா மொதல்ல கால்தான் மரத்துப்போகும், அப்பறம் மெதுவா மேல ஏறும், அதனால டெஸ்ட்ல டி10ன்னு வந்தாலும் கட்டி அதுக்கு ரொம்ப மேல கழுத்துல கூட இருக்கலாம், எம்ஆர்ஐ கேக்கறப்போ இத யோசிச்சு கேளுங்க.

எலும்பு நம்பரும் தண்டுவட செக்மென்ட் நம்பரும் ஒண்ணு இல்லங்கறதையும் படத்துக்கு பக்கத்துல எழுதிக்கங்க. பெரியவங்களுக்கு தண்டுவடம் கிட்டத்தட்ட 45 செ.மீ., எல்1 எலும்போட கீழ் விளிம்பு பக்கத்துலயே முடிஞ்சுடும், பொறந்த குழந்தைக்கு எல்3 வரைக்கும் வரும். அதுக்கு கீழ காடா ஈக்வைனாங்கற வெறும் நரம்பு வேர்க்கட்டு, அதனாலதான் முதுகுல நீர் எடுக்க எல்3-எல்4 இல்ல எல்4-எல்5 இடைவெளில ஊசி போடறாங்க. டி12 எலும்பு உடைஞ்சா அங்க அடிபடறது டி12 செக்மென்ட் இல்ல, லம்பார் கடைசி செக்மென்ட் பக்கம்.

எல்2 எலும்புக்கு கீழ அடின்னா அங்க தண்டுவடமே இல்ல, வேர்தான், அதனால இறுக்கம் வராது, தொளதொளன்னுதான் இருக்கும். எஸ் (சேக்ரல், எல்லுக்கு கீழ்ப் பகுதி) 2, 3, 4 வேர்தான் சிறுநீருக்கும் மலத்துக்கும். முதுகுவலியோட வந்தவர் உக்கார்ற இடம் மரத்துப்போச்சு, ஒண்ணுக்கு வரமாட்டேங்குதுன்னு சொன்னா வரைஞ்சு பாத்துட்டு இருக்க நேரம் இல்ல, காடா ஈக்வைனா அமுங்கிட்டு இருக்கலாம், உடனே சீனியர கூப்புட்டு அன்னிக்கே எம்ஆர்ஐ எடுக்க வைங்க.