மூச்சு முட்டி வருபவரிடம் செய்யக் கூடாதவை

புது ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி டாக்டர்கள்) கேஷுவாலிட்டிக்கு வரும் மாதத்தில், எங்கள் காலத்துக் கூத்துகள் எல்லாம் திரும்பவும் அரங்கேறும். ஈசிஜி லீடை மாற்றி ஒட்டுவது மாதிரியான சில்லறைப் பிழைகள் போகப் போகச் சரியாகிவிடும். பதற்றத்தில் மூச்சு வாங்க வருபவரிடம் செய்கிற தவறுகள்தான் அவ்வளவு லேசில் போவதில்லை.

'நல்லா ஆழமா மூச்சு இழுங்க'

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு ராத்திரி இளம்பெண் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். உதடு மரத்திருந்தது. விரல்கள் குவிந்து இறுகி, மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கியிருந்தது. வலிப்பு என்று நினைத்த கணவர், பைக் சாவியை உள்ளங்கையில் திணித்திருந்தார். டாக்டர் தம்பி ஓடிப்போய், "ஆழமா இழுத்து விடுங்கம்மா" என்றார். அந்தப் பெண்ணும் சொன்னபடி செய்தார். விரல்கள் இன்னும் இறுகின.

காற்று போதவில்லை என்பது அவருக்குத் தோன்றுவதுதான். ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் 99 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது. குறைந்திருந்தது கார்பன் டை ஆக்சைடு. வேகமாக மூச்சு வாங்கினால் அது அளவுக்கு மீறி வெளியேறிவிடும். ரத்தத்தில் காரத்தன்மை ஏறும், அயனி நிலையில் உள்ள கால்சியம் குறையும்; மரமரப்பும் விரல் இறுக்கமும் அதனால்தான். மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் தலை சுற்றும். பயந்துபோனவர் இன்னும் வேகமாக இழுப்பார். நாமும் சேர்ந்து 'இழுங்க' என்று தூபம் போட்டால்?

'மெதுவா விடுங்க' என்பதுதான் சொல்ல வேண்டியது. மூக்கால் கொஞ்சமாக எடுத்து, எடுத்ததைவிட நீளமாக வெளியே விடச் சொல்லுங்கள். பேச்சுக் கொடுத்தாலும் நல்லது. வாக்கியத்தை முடிக்க மூச்சை விட்டுத்தானே ஆக வேண்டும்? ஊர் எது, வீட்டில் என்ன சமையல் என்று விசாரித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஸ்டாஃப் நர்ஸ்தான் அந்த விரல்களைப் பிரிய வைத்தார்.

காகிதப் பை

பைக்குள் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வைக்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம். மாரடைப்போ ஆஸ்துமாவோ இருந்தால் ஆக்சிஜன் இறங்கிவிடும். உயிர் போனதும் உண்டு.

'ஒண்ணுமில்ல, டென்ஷன்தான்'

நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தாலும், சர்க்கரை எகிறி ரத்தம் அமிலமானாலும் மூச்சு இப்படித்தான் வாங்கும். ஈசிஜி, சுகர், கால் வீக்கம் எல்லாம் பார்த்த பிறகு பேசுங்கள். ஆக்சிமீட்டர் அளவு குறைந்திருந்தால் பதற்றத்தின் மேல் பழியைப் போடாதீர்கள். எல்லாம் நார்மலாக இருந்தாலும் 'ஒண்ணுமில்ல' என்று அனுப்பாதீர்கள். விரல் மடங்கியது நிஜம். காரணம் தெரியாமல் வீட்டுக்குப் போனவர், அடுத்த மாதம் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேறொரு டாக்டரிடம் நிற்பார்.

மூச்சை எண்ணுவது

எண்ணுவது தெரிந்தால் மூச்சின் வேகம் மாறிவிடும். நாடி பிடித்தபடி, அவருக்குத் தெரியாமல், முழு நிமிடம் எண்ணுங்கள்.

சலைன்

பாட்டிலில் இருப்பது உப்புத் தண்ணீர். பதற்றத்துக்கு அது மருந்தில்லை.

பெருமூச்சைக் கண்டுகொள்ளாமல் விடுவது

சிலர் பேச்சுக்கு நடுவே ஓயாமல் பெருமூச்சு விடுவார்கள், கொட்டாவி விடுவார்கள். கார்பன் டை ஆக்சைடு நாள்கணக்கில் குறைவாகவே இருந்தால், சிறுநீரகம் ரத்தத்தில் உள்ள காரப் பொருளான பைகார்பனேட்டை வெளியேற்றி ஈடுகட்டும். அப்புறம் நாலு பெருமூச்சே தலை சுற்றப் போதும். மெதுவாக மூச்சு விடும் பயிற்சியை, படபடப்பு இல்லாத நேரத்தில் பழகச் சொல்லி, மாத்திரை போலவே வேளை குறித்து எழுதிக் கொடுங்கள். அதே சீட்டில் மனநலப் பிரிவுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.