நாத்திக மீம் போடும் தம்பிமாருக்கு: நான் செய்து கெட்ட தவறுகள்

போன மாதம் அக்கா மகன் என்னைக் கேட்காமலே ஒரு வட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டான். இலங்கைத் தேயிலை மலைநாட்டில் அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்துப் பொடியன்கள் நாற்பது பேர். எல்லாருக்கும் சாமி இல்லை. எல்லாரிடமும் டேட்டா இருக்கிறது. விடிய எழும்பிப் பார்த்தால் அறுபது படம் வந்து கிடக்கிறது. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். பத்து வருசத்துக்கு முன்னால் நான் ஆடிய கூத்தை வேறு ஆட்கள் ஆடுவதுபோல இருந்தது.

எனக்கு டவுனில் சின்னதாக ஒரு போட்டோக்கொப்பி கடை. பகலில் கோயில் திருவிழா பெனரும் தொழிற்சங்கங்களின் மே தினப் பெனரும் அடிப்பேன். இராத்திரியில் அதே கணினியில் மீம் செய்வேன். "உனக்குச் சோறு போடுறதே அந்தச் சாமிதான்டா" என்று அம்மா சொல்லும்போது பதில் வராது.

தப்பான குரூப்பில் போடுவது, எழுத்துப்பிழை, மங்கின படம், இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டால் தானாகத் தெரிந்துவிடும்.

வெளிநாட்டுச் சிரிப்பை அப்படியே இறக்குவது

2005 இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு சண்டை. உலகத்தை ஓர் அறிவாளி வடிவமைத்தார் என்பதையும் பரிணாமத்தோடு சேர்த்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வேண்டும் என்றார்கள். அதைக் கிண்டல் செய்ய பொபி ஹென்டர்சன் என்பவர் பறக்கும் ஸ்பகெட்டிச் சாமியை உண்டாக்கி, அதையும் படிப்பியுங்கள் என்று கல்விச் சபைக்குக் கடிதம் எழுதினார். அந்த ஊருக்கு அது நல்ல அடி. நான் அதைத் தமிழாக்கிப் போட்டபோது, "அண்ணே, நூடுல்ஸ் விளம்பரமா?" என்று ஒருவன் கேட்டான்.

அடுத்தது பெர்ட்ரண்ட் ரசல் என்ற பிரித்தானியத் தத்துவவாதியின் தேநீர்க் கேத்தல். பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் ஒரு கேத்தல் சூரியனைச் சுற்றுகிறது, எந்தத் தொலைநோக்கிக்கும் தெரியாது, ஆனால் இல்லையென்று உங்களால் நிரூபிக்க முடியுமா என்று 1952 இல் அவர் எழுதினார். தேயிலை நாட்டில் இது பிய்த்துக்கொண்டு ஓடும் என்று நம்பினேன். ஒருத்தரும் அசையவில்லை. இங்கே கேத்தல் என்றால் அடுப்புத்தான் ஞாபகம் வரும்.

ஓடினது எது தெரியுமா? சிவனொளிபாதமலை. 2,243 மீட்டர் உயரத்தில் ஒரு காலடித் தடம். அதைப் புத்தருடையது என்கிறார்கள், சிவனுடையது என்கிறார்கள், ஆதாமுடையது என்கிறார்கள், புனித தோமையாருடையது என்றும் சொல்கிறார்கள். மலையின் படத்தைப் போட்டுக் கீழே இப்படி எழுதினேன்: "ஒரு காலடிக்கு நாலு பேர் உரிமை கேட்கிறாங்க. இருநூறு வருசமா நிக்கிற எங்க காலுக்கு ஏழு பேர்ச் காணி உறுதிப் பத்திரம் இல்ல." அம்மாவே சிரித்தார். சிரித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மெஷினைக் காக்கிற சாமி என்று ரோதமுனிக்கு ஆடு வெட்டுகிற தேயிலை ஸ்டோரில் மெஷின் பெல்ட்டுக்கு ஒரு கூடு போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அதில் பத்து மீம் இருக்கிறது. கான்சாஸ் வரைக்கும் ஏன் போகிறீர்கள்?

தெரிந்த முகத்தைப் படமாக்குவது

இதற்குத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். மருமகனின் குரூப்பில் வந்த அறுபதில் ஒரு படம் தீமிதியில் எடுத்தது. மஞ்சள் சேலையோடு ஓர் அம்மா, கண் மேலே சொருகியிருக்கிறது. பக்கத்தில் வடிவேலு முகம். அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

எட்டு வருசத்துக்கு முன்னால் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், கடைசிக் காம்பராவில் (அறையில்) இருந்தவரை நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். சின்ன வயதில் அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் எனக்குச் சோறு போட்டவர். அவருக்கு வருசா வருசம் அருள் வரும். தப்பு மேளச் சத்தம் ஏற ஏற ஆடுவார். நான் அதைப் போனில் எடுத்து, கண் சொருகிய இடத்தில் நிறுத்தி, படமாக்கி, எழுதினேன்: "தராசுல ரெண்டு கிலோ களவு போறப்ப வராத அம்மன், தப்பு அடிச்சா மட்டும் வர்றா."

வரி நல்ல வரி. இப்போதும் அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த வரி கொழுந்து நிறுக்கிற இடத்தில் கிலோவை வெட்டுகிற கங்காணிக்குப் போகவேண்டியது. ஆனால் படம் பெரியம்மாவிடம் போனது. மீமில் கண் முதலில் போவது முகத்துக்கு. எழுத்தை வாசிப்பதற்குள் சிரித்து முடித்துவிடுவார்கள். கங்காணியைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை.

எங்கள் குரூப்பில் அப்போது முப்பத்தொரு பேர்தான். நாலாம் நாள் அது கொழும்பில் வேலை செய்த பெரியம்மாவின் மகளுடைய போனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் அழுதுகொண்டே அம்மாவுக்குக் கோல் எடுத்திருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தண்ணீர்ப் பீலிப் பக்கம் போனபோது பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. "ஏன் தம்பி, என்னையப் பார்த்தா அவ்வளவு சிரிப்பாவா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. இரண்டு வருசமாக நாங்கள் கோயில் கமிட்டியிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தோம். மாசாமாசம் சம்பளத்தில் பிடித்த காசு எங்கே போனது என்பதுதான் கேள்வி. சாமி கும்பிடுகிற ஆட்களே பாதிப் பேர் எங்கள் பக்கம் நின்றார்கள். இந்தப் படம் வந்த பிறகு கமிட்டிக்காரர் கூட்டத்தில் எழும்பி, "அம்மனைக் கேலி செய்றவனுக்கு அம்மன் காசப் பத்தி என்ன கேள்வி?" என்றார். கைதட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கணக்கை யாரும் கேட்கவில்லை. பெரியம்மாவின் மகன் அதுவரை என்னிடம் புத்தகம் இரவல் வாங்கிப்போவான், இராத்திரியில் வந்து கேள்வி கேட்பான். கடைசியாக வாங்கின புத்தகத்தைத் தங்கச்சியிடம் கொடுத்தனுப்பிவிட்டு நின்றுவிட்டான்.

அடுத்த வருசத் திருவிழாவில் பெரியம்மா ஆடவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். எங்கள் குரூப்பில் ஒருவன், "ஒரு மூடநம்பிக்கை ஒழிந்தது" என்று எழுதினான். நாலைந்து பேர் கட்டைவிரல் காட்டினார்கள். இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வருசம் முழுக்க அவருக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்ட அதே கங்காணி, அந்த ஒரு நாள் மட்டும் அவர் முன்னால் தலை குனிந்து திருநீறு வாங்குவார். நாங்கள் பிடுங்கினது அந்த ஒரு நாளை. தராசு அப்படியேதான் இருந்தது.

ஆபிரகாம் கோவூர் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1978 இல் இறக்கும் வரை இந்த நாட்டில் பகுத்தறிவுக்காக அலைந்த மனிதர். அற்புதம் செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபா என்று அவர் சவால் விட்டது காசு பார்க்கும் சாமியார்களிடம். பேய் பிடித்தது என்று சொல்லப்பட்டவர்களிடம் போய் உட்கார்ந்து, அவர்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டார். படம் எடுக்கும் முன் இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை யோசியுங்கள். இங்கே ஒரு முகத்தைப் போட்டால் அது யாருடைய அத்தை என்று பத்து நிமிசத்தில் தெரிந்துவிடும். முகம் வேண்டுமென்றால் கோட்டுச் சித்திரம் வரையுங்கள். வரையத் தெரியாதென்றால் வடிவேலு போதும்.

அடுத்த வீட்டுச் சாமியை மட்டும் சீண்டுவது

மருமகனின் குரூப்பில் முஸ்லிம்களைப் பற்றி வந்த படங்களை எண்ணிப் பார்த்தேன். மற்றவற்றைவிடக் கூடத்தான். பலதின் மூலையில் லோகோவை வெட்டியிருந்தார்கள். தேடிப்போனால் செய்தவன் நாத்திகனே இல்லை, இன்னொரு மதத்தின் வெறியன். கடல் தாண்டி வந்தது சில, சிங்களத்திலிருந்து மொழிபெயர்த்தது சில.

2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அவசரகாலச் சட்டம் வந்தது. பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் நாட்டுக்கே நிறுத்திவைத்தது. அதற்கு முன்னால் போன்களில் ஓடியவையும் "சும்மா பகிடிதானே" என்று அனுப்பப்பட்ட படங்களாகத்தான் இருந்தன. யார் செய்தது என்று தெரியாத படத்தைத் தள்ளிவிடாதீர்கள். பிறந்த வீட்டுச் சாமியில் தொடங்குங்கள், அடி வாங்கினாலும் அது உங்கள் அடி.

சட்டம் தூங்குகிறது என்று நினைப்பது

அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. அடுத்த 10 ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சுதந்திரம் தருகிறது. இரண்டும் பக்கத்துக் காம்பராக்காரர்கள். எந்தக் கதவு திறக்கும் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் என்று சொல்வார்களே, 2007 இன் 56 ஆம் இலக்கச் சட்டம், அதன் பெயரில் இருப்பது சிவில், அரசியல் உரிமைகள். ஆனால் இன, மத வெறுப்பைத் தூண்டியதாக அதன் 3 ஆம் பிரிவில் பிடித்தால் பிணைக்கு மேல் நீதிமன்றம் வரை போகவேண்டும். தண்டனை பத்து வருசம் வரை. எழுத்தாளர் ஷக்திக சத்குமார பேஸ்புக்கில் போட்ட ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் உள்ளே போய் நாலு மாதம் இருந்தார். மேடையில் பேசிய பகிடிக்காக நதாஷா எதிரிசூரிய 2023 மே மாதம் விமான நிலையத்தில் கைதானார். ஜூலையில்தான் பிணை. 2019 இல் ஹசலகவில் ஒரு பெண் போட்டிருந்த உடுப்பில் இருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்மச்சக்கரம் என்று சொல்லி உள்ளே வைத்தார்கள். அவர் பகிடிகூட விடவில்லை. 2024 இல் இணையத்தில் போடுவதற்கென்றே நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. "குரூப்புக்குள்ளதானே மாமா" என்கிறான் மருமகன். ஸ்கிரீன்ஷொட் என்று ஒன்று இருக்கிறது ராசா.

திகதி இல்லாத சம்பள மீம்

தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று வர்த்தமானியில் (அரசிதழில்) வந்தது 2021 மார்ச்சில். 1700 என்று அன்றைய ஜனாதிபதி கொட்டகலையில் சொன்னது 2024 மே தினத்தில். அது 1350 இல் வந்து நின்றது அதே வருசம் செப்டெம்பரில். இதைக் குழப்பிப் போட்டால் சங்கக்காரர் உங்களைப் பார்த்துச் சிரிப்பார், அதுவும் நியாயம்தான். படத்தின் மூலையில் மாதத்தையும் வருசத்தையும் போடுங்கள்.

எல்லாவற்றையும் பெரியார் தலையில் கட்டுவது

அவர் 1932 இல் கொழும்புக்கே வந்து பேசிவிட்டுப் போனவர். அவர் உண்மையாகச் சொன்னதே தாராளமாக இருக்கிறது.

அம்மாவை குரூப்பில் சேர்ப்பது

வேண்டாம்.

எல்லாரையும் அட்மின் ஆக்குவது

நாங்கள் ஆறு பேரை ஆக்கினோம். அதில் ஒருவர் இப்போது கோயில் கமிட்டியில் பொருளாளர். இந்த வருசத் திருவிழாப் பெனருக்குப் பாதிக் காசு இன்னும் தரவில்லை.