ஜாஸ் குவின்டெட் கேட்கப் போகிறீர்களா? முதலில் பன்னிரண்டு எண்ணப் பழகுங்கள்

குவின்டெட் என்றால் ஐவர் குழு. வழக்கமாக டிரம்பெட், சாக்ஸபோன், பியானோ, பாஸ் (அடி ஸ்வரங்களை வாசிக்கும் பெரிய தந்திக் கருவி), டிரம்ஸ். மெட்டு ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஐந்து பேரும் ஆளுக்கொரு திசையில் ஓடுவது போலத் தோன்றும். முதல் தடவை எனக்கும் அப்படித்தான் இருந்தது. யாரும் எங்கும் ஓடவில்லை, ஒரே வட்டத்தைத்தான் சுற்றுகிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

படி 1: வீட்டிலேயே எண்ணிப் பாருங்கள்

சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 1945-ல் பதிவு செய்த ‘நவ்ஸ் த டைம்’ இதற்குத் தோதான பாட்டு. அதிலும் ஐந்து பேர்தான். டிரம்பெட் வாசிப்பவர் இளம் மைல்ஸ் டேவிஸ். நாலு எண்ணிக்கை சேர்ந்தால் ஒரு ‘பார்’. எத்தனையாவது பார் என்பது மறக்காமலிருக்க, “ஒன்று-இரண்டு-மூன்று-நாலு, இரண்டு-இரண்டு-மூன்று-நாலு” என்று முதல் எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள். பன்னிரண்டு பார் முடிந்தால் ஒரு சுற்று. இதற்குக் கோரஸ் என்று பெயர். ஐந்தாவது பாரில் அடியிலிருக்கும் ஸ்வரக்கூட்டு மாறும், ஏழாவதில் பழைய இடத்துக்கே திரும்பும். அந்த மாற்றம் காதில் விழும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள். மற்ற படிகளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

படி 2: இடம் பிடியுங்கள்

நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் என்ற ஜாஸ் கிளப்பை எடுத்துக்கொள்வோம். 1935 முதல் அதே நிலவறைதான். படியிறங்கிப் போனால் ஒரு பக்கம் குறுகிய, சின்னக் கூடம். வழக்கமாக இரவு 8-க்கும் 10-க்கும் இரண்டு காட்சிகள், தனித்தனி டிக்கெட். சீக்கிரம் போய், பாஸ் வாசிப்பவரின் கை தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். ஊதுபவர்களைப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் கணக்கு பாஸிடம்தான் இருக்கிறது.

படி 3: எண்ணிக்கை தவறினால்

பாஸைப் பிடித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரமாக நடந்துகொண்டே இருக்கும். டிரம்ஸ்காரரின் இடது கால் மிதிக்கும் ஜோடித் தாளத்தட்டு 2-லும் 4-லும் ‘சிக்’ என்று மூடும். ஆதி தாளம் போட்டுப் பழகிய கை 1-ல்தான் விழப் பார்க்கும். நான் அப்படித் தட்டி, பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

படி 4: சோலோக்களைத் தொடருங்கள்

மெட்டு முடிந்ததும் டிரம்பெட், சாக்ஸபோன், பியானோ என்று ஒவ்வொருவராக முன்னின்று வாசிக்கும் முறை வரும். அதுதான் சோலோ. ஒவ்வொருவரும் எத்தனை கோரஸ் எடுக்கிறார் என்று எண்ணுங்கள். ஒருவர் வாசித்து முடித்ததுமே கைதட்டலாம், பாட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். கடைசியில் ஊதுபவர் நாலு பார், டிரம்ஸ் நாலு பார் என்று மாறி மாறி வாசிப்பார்கள். பன்னிரண்டு பார் சுற்றில் இருப்பவை மூன்று நாலு-பார் துண்டுகள்தான் என்பதால், முதல் சுற்றை டிரம்பெட் தொடங்கினால் அடுத்ததை டிரம்ஸ் தொடங்கும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான். தலைவர் தன் தலையைத் தட்டிக் காட்டினால், மெட்டுக்குத் திரும்புகிறார்கள் என்று அர்த்தம்.

படி 5: பாஸ் சோலோவில் பேசாதீர்கள்

1961 ஜூன் 25-ல் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு இதே கூடத்தில் பதிவு செய்த இசையில், கண்ணாடிக் குவளைகள் இடிபடுவதும் ரசிகர்களின் பேச்சும் இன்றும் கேட்கின்றன. இப்போது அங்கே வாசிப்பு நடக்கும்போது பேசக் கூடாது, படமும் எடுக்கக் கூடாது. போனை அணைத்துவிட்டுப் படியிறங்குங்கள்.